நூலகருக்கும் விளையாட நேரம் வேண்டும்

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் கிளை நூலகம். மாலை ஐந்து மணி. நாளிதழ் மேசையைச் சுற்றிப் பெரியவர்கள், உள்ளறையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அன்று வந்திறங்கிய புதுப் புத்தகங்களை நூலகர் மேசையில் பரப்பி, கைப்பேசியில் படம் எடுக்கிறார். டியூப்லைட் வெளிச்சம் அட்டையில் பட்டுத் தெறித்து, தலைப்பே தெரியவில்லை. புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்து மறுபடி எடுக்கிறார். நான்காவது படம் சரியாக விழுந்தது. வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்ட ஐந்தாம் நிமிடம் ஒரு குரல் பதிவு வந்தது. “மேடம், அந்த ரெண்டாவது புத்தகத்த யாருக்கும் குடுத்துடாதீங்க. முட்டி வலி, என்னால வர முடியல. நாளைக்கு அவரை அனுப்புறேன்.”

நூலகர் ஐம்பதைத் தாண்டியவர். இரவல் பதிவேடு, இருப்புப் பதிவேடு, சந்தா ரசீது என்று காகிதத்தோடேயே பாதி ஆயுள் போயிருக்கிறது. அந்த வேலையில் அவரிடம் ஒரு பிழை காண முடியாது. ஆனால் நூலகத்துக்கென்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் ஊருக்கு வரும்போது கொஞ்சம், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் என்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். கைப்பேசியும் அவருடையது, டேட்டாவுக்குக் கட்டும் காசும் அவருடையது.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அமெரிக்காவின் சார்லட் நகரம் நினைவுக்கு வந்தது. வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரின் பொது நூலகத்தில் 2006-இல் ஒரு முயற்சி நடந்தது. தொழில்நுட்பப் பிரிவைக் கவனித்துவந்த ஹெலீன் புளோவர்ஸ், ஊழியர்களுக்காக 23 சின்னச் சின்னப் பயிற்சிகளை உருவாக்கினார். கனடா நூலகர் ஸ்டீபன் ஏப்ராம் எழுதிய ஒரு கட்டுரைதான் அதற்குத் தூண்டுகோல். வலைப்பூ தொடங்கு, ஃபிளிக்கரில் படம் ஏற்று, யூடியூபைத் துழாவு, விக்கியில் ஒரு வரி திருத்து, லைப்ரரிதிங்கில் நீ படித்த புத்தகங்களை அடுக்கு. இப்படிச் சில வாரங்களுக்கான வேலைகள். வகுப்பறை கிடையாது, கரும்பலகை கிடையாது. அவரவர் வேகத்தில், அவரவரே செய்துபார்க்க வேண்டும். செய்ததைத் தன் வலைப்பூவில் எழுதவும் வேண்டும். சொந்தப் பெயரில் எழுதக் கூச்சமா, புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு எம்பி3 பிளேயர் பரிசு. குலுக்கலில் ஒருவருக்கு மடிக்கணினி.

பரிசைவிட என்னைக் கவர்ந்தது முதல் வாரப் பாடம். வாழ்நாள் முழுக்கக் கற்பவர்களின் ஏழரைப் பழக்கங்கள் என்று அதற்குப் பெயர். ஏழு பழக்கம் சரி, அந்த அரை என்ன? விளையாடுவது! கற்றுக்கொள்ள வந்தவரிடம் முதல் வாரமே ‘விளையாடு’ என்று சொல்கிற பயிற்சியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்தோடு பாடங்கள் வெளியானதால், மெல்பர்னின் யாரா பிளெண்டி நூலகம் உடனே எடுத்துக்கொண்டது. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்களும் தங்களுக்கென்று 23 பயிற்சிகளை நடத்தினார்கள்.

விளையாட்டு என்றதும் நம் எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் நகர முடியாது. சீர்காழிக்காரர், கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான கையோடு லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக்கிச் சேர்க்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு முளைத்தது. 1933-இல் அது கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. கடையில் பார்த்த ஒரு பொம்மை, உலக நூலகவியலுக்கே நம் ஊர்க்காரர் ஒருவர் தந்த கொடையாக மாறியது.

சார்லட் ஊழியர்கள் அன்று பழகிய கருவிகளில் பல இன்று இல்லை. பிடித்த இணையப் பக்கங்களைக் குறித்துவைக்க உதவிய டெலிஷியஸ் போன இடம் தெரியவில்லை. அதனால் அந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன கெட்டுப்போகுமோ என்ற பயம் ஒருமுறை விட்டுவிட்டால், அடுத்த கருவி வரும்போது கை தானாக நீளும்.

அந்தப் பயத்தை நம் நூலகர் தனியாகவே கடக்க வேண்டியிருந்தது. குழு தொடங்கிய புதிதில் ஒருநாள், கூட்டம் அலைமோதியதைக் காட்டும் ஆசையில் வருகைப் பதிவேட்டின் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். வந்தவர்களின் பெயர், கையெழுத்து, கைப்பேசி எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. உள்ளறையிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். “மேடம், மொதல்ல அத எடுங்க. பொம்பளப் புள்ளைங்க நம்பரெல்லாம் தெரியுது.” எப்படி நீக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. பையன்தான் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்ற இடத்தைக் காட்டினான். அன்று இரவு தூக்கமே வரவில்லை என்றார். இப்போதெல்லாம் எதைப் போடும் முன்பும் படத்தைப் பெரிதாக்கி மூலைமூலையாகப் பார்க்கிறார். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்பதைக்கூடக் குழுவில் சொல்வதில்லை. “அது அவங்க சொந்த விஷயம் சார்” என்கிறார்.

பணி நேரத்தில் வாரம் ஒரு மணி நேரம், பிழை செய்தாலும் கேள்வி கேட்காத ஓர் ஏற்பாடு, கூடப் பழக நாலைந்து நூலகர்கள். இவை இருந்திருந்தால் அந்தப் படம் வெளியே போயிருக்காது. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த ஒரு மணி நேரத்தை நூலகர்களுக்காகக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக் காணொளி போட வேண்டும் என்பது அவருடைய அடுத்த ஆசை. சாலை இரைச்சல் குறைவாக இருக்கும் பின்பக்க அலமாரிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, இரண்டு தடித்த அகராதிகளுக்கு இடையில் கைப்பேசியை நிறுத்தியிருந்தார். முதல் முறை முகம் பாதிதான் விழுந்தது. இரண்டாம் முறை, கதையின் நடுவே ஒருவர் வந்து உறுப்பினர் படிவம் கேட்டார். எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிவப்புப் புள்ளியை மறுபடியும் தொட்டார். “ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்…”