சும்மா இருப்பதற்கும் கூலி

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ்டவுன் ஊருக்கு அருகே, ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளை ஒட்டி, 2017 டிசம்பரில் ஒரு பேட்டரி நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்போது அதன் திறன் 100 மெகாவாட், கொள்ளளவு 129 மெகாவாட்-மணி. லித்தியம் அயனி நிலையங்களில் அன்று உலகிலேயே பெரியது அதுதான். ஆனாலும் முழுத் திறனில் மின்சாரம் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இவ்வளவு சிறிய இருப்பை வைத்துக்கொண்டு என்ன சம்பாதிக்க முடியும்?

மலிவான நேரத்தில் வாங்கி, விலை ஏறும்போது விற்கலாம். அதையும் செய்தார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளில் பெரும் வருமானம் வந்தது தயாராக நிற்பதற்காக.

அங்கே மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். பெரிய நிலையம் ஒன்று திடீரென்று நின்றால் அந்த அதிர்வெண் சரியும். மிகவும் சரிந்தால் மின்தடை அடுத்தடுத்துப் பரவும். 2016 செப்டம்பரில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தபோது மாநிலம் முழுவதுமே இருண்டது. இப்படி நேராமல் காக்க, தேவைப்பட்டால் உடனே கைகொடுக்கிறோம் என்று காத்திருப்பவர்களுக்குச் சந்தை பணம் தருகிறது. எரிவாயு விசையாழி வேகமெடுக்கச் சற்று நேரமாகும். பேட்டரிக்கு ஒரு நொடிகூட வேண்டாம். 2017 டிசம்பர் 14 அன்று விக்டோரியாவின் லோய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் அலகு ஒன்று நின்றபோது, வெகுதொலைவிலிருந்த ஹார்ன்ஸ்டேல் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரம் செலுத்தியது. கொடுத்தது சுமார் 7 மெகாவாட்தான். ஆனால் அந்த வேகத்தைப் பார்த்த பிறகு பேட்டரியை யாரும் விளையாட்டுப் பொருளாக நினைக்கவில்லை.

இதில் பணக்கணக்குதான் என்னை அதிகம் ஈர்த்தது. அதுவரை அந்த மாநிலத்தில் இந்தச் சேவையைத் தந்தவை சில எரிவாயு நிலையங்களே. தட்டுப்பாட்டு நேரத்தில் அவை கேட்டதே விலை. பேட்டரி வந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. 2019இல் மட்டும் சுமார் 11.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் மிச்சமானதாக ஆரெகான் நிறுவனம் மதிப்பிட்டது. கட்டுமானச் செலவே ஏறத்தாழ 9 கோடிதான்! ஆனால் மிச்சமான தொகை உரிமையாளரான நியோயன் நிறுவனத்துக்குப் போகவில்லை, மின்சாரம் வாங்குவோருக்குப் போனது. தனக்குக் கிடைக்கும் விலையைத் தானே இறக்கிவிடும் இயந்திரம் இது. அதனால்தான் தனியார் முதலீட்டை மட்டும் நம்பாமல், 70 மெகாவாட்டைத் தொகுப்பின் பாதுகாப்புக்கென ஒதுக்கி மாநில அரசு ஒப்பந்தம் போட்டது சரியான முடிவு என்பேன்.

பிறகு மற்ற பேட்டரிகளும் வந்தன. காத்திருப்புச் சந்தை சிறியது, சீக்கிரமே நிரம்பிவிடும். வருமானம் மெல்ல வாங்கி விற்பதன் பக்கம் நகர்ந்தது. கூரைச் சூரியத் தகடுகளால் நண்பகலில் அங்கே விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்போது பேட்டரியை நிரப்புவதற்கே பணம் கிடைக்கும். 2021 அக்டோபர் முதல் விலைக்கணக்கை அரை மணிக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றியதும் பேட்டரிக்கே சாதகம். மாலை முழுவதும் விற்க ஒன்றேகால் மணி இருப்பு போதாது என்பதால், இப்போது இரண்டு மணி, நான்கு மணி தாங்கும் நிலையங்களைக் கட்டுகிறார்கள்.