நான்கு சக்கர இயக்க ஊர்திகள்: அடிப்படைப் பராமரிப்பும் துணைக்கருவிகளும்

நான்கு சக்கர இயக்க ஊர்தி என்பது, இஞ்சினின் ஆற்றலைத் தன் நான்கு சக்கரங்களுக்கும் அனுப்பக்கூடிய வண்டியாகும். மலைப்பாதை, மணல், சேறு, ஆற்றுப்படுகை போன்ற சாலையில்லாத இடங்களில் செல்ல இது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் இவ்வகை வண்டிகளைப் பொதுவாக 'ஜீப்' என்றே அழைக்கின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்திற்காக உருவான வில்லிஸ் ஜீப்பை, 1947 முதல் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பொருத்தி விற்றது. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடான பாதையில் இன்றும் ஜீப்களே ஓடுகின்றன.

தற்போது இந்தியாவில் மகிந்திரா தார், மாருதி சுசுகி ஜிம்னி, ஃபோர்ஸ் குர்கா ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. தார் வண்டியில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வகையும் 2023 முதல் விற்கப்படுகிறது. எனவே தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல், தம்முடைய வண்டி எவ்வகை என்பதை உரிமையாளர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இயக்க நிலைகள்

இவ்வண்டிகளில் கியர் பெட்டியை அடுத்து 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் பகிர்வுப் பெட்டி உள்ளது. இதற்கெனத் தனி நெம்புகோல் இருக்கும். இதில் பொதுவாக மூன்று நிலைகள் உண்டு.

2எச்: பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும். வழக்கமான சாலைக்கு உரியது.
4எச்: நான்கு சக்கரங்களும் இயங்கும். மண்பாதை, சேறு, மணல் ஆகியவற்றுக்கு உரியது.
4எல்: நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் மிகுந்த திருப்புவிசையுடன் இயங்கும். விசை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு கூடும். செங்குத்தான ஏற்ற இறக்கங்களுக்கு உரியது.

காய்ந்த தார்ச்சாலையில் 4எச், 4எல் நிலைகளைப் பயன்படுத்தக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தொலைவு ஓடுகின்றன. 4எச் நிலையிலோ முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்பட்டுள்ளன. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி இந்த வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால், பகிர்வுப் பெட்டியும் இயக்கத் தண்டுகளும் முறுக்கேறிப் பழுதாகும். அதேவேளையில் இவ்வமைப்பை மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் விடுவதும் நல்லதன்று. மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் 4எச் நிலையில் ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவி, பற்சக்கரங்களும் நெம்புகோலும் இறுகாமல் இருக்கும்.

டயர் காற்றழுத்தம்

மணலில் சிக்காமல் செல்ல முதல் வழி டயரின் காற்றைக் குறைப்பதாகும். இதனை எளிய கணக்கால் விளக்கலாம். 1,800 கிலோ எடையுள்ள வண்டியின் ஒரு சக்கரம் ஏறத்தாழ 450 கிலோ சுமக்கிறது. டயரில் 32 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ ஆகும். 450ஐ 2.25ஆல் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் இப்பரப்பு சுமார் 355 சதுர சென்டிமீட்டராகிறது. டயரின் பக்கச் சுவர் தாங்கும் சிறு பங்கு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதே எடை அகன்ற பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலில் புதைவதில்லை.

கற்பாதைக்கும் மண்பாதைக்கும் 22 முதல் 26, மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. என்பது பொதுவான வழக்கம். 15க்குக் கீழ் சென்றால், திரும்பும்போது டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்றைக் குறைத்த டயருடன் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே சாலைக்குத் திரும்பியதும் கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றை நிரப்பிய பிறகே வேகமெடுக்க வேண்டும்.

நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருப்பது அவசியம். டயர்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் அச்சுழற்சியில் சேர்ப்பது நல்லது.

காலமுறைப் பராமரிப்பு

உற்பத்தியாளரின் கையேட்டில் வழக்கமான பயன்பாட்டுக்கும், புழுதி, நீர், மலைப்பாதை ஆகியவை கொண்ட கடும் பயன்பாட்டுக்கும் வெவ்வேறு இடைவெளிகள் தரப்பட்டிருக்கும். அடிக்கடி காட்டுப்பாதையில் செல்பவர்கள் இரண்டாவதைப் பின்பற்ற வேண்டும்.

இஞ்சின் ஆயிலைத் தவிர, கியர் பெட்டி, பகிர்வுப் பெட்டி, முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றிலும் தனித்தனியே எண்ணெய் உள்ளது. இவற்றைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

புழுதியில் ஓடிய பின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடைபட்ட ஃபில்டர் இஞ்சினின் ஆற்றலைக் குறைக்கும். கிழிந்த ஃபில்டர் மண்ணை உள்ளே விட்டு இஞ்சினையே அரித்துவிடும்.

டீசல் வண்டியில் எரிபொருள் ஃபில்டர் நீரையும் பிரித்துத் தேக்குகிறது. அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே நீரை வடிக்க வேண்டும். புகைக்கரியைத் தேக்கும் வடிகட்டி பொருத்தப்பட்ட டீசல் வண்டிகளை, இடையிடையே நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். அப்போதுதான் தேங்கிய கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும்.

ஓட்டம் முடிந்த பின்

கரடான பாதையில் சென்று வந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். காய்ந்த சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை உண்டாக்கும். கடற்கரை மணலில் ஓட்டியிருந்தால் உப்பு போகும்வரை நல்ல நீரால் கழுவுவது இன்றியமையாதது. ரேடியேட்டரில் சேறு அப்பியிருந்தால் மெதுவான நீர்வீச்சால் கழுவ வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அதன் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

பிறகு கீழே குனிந்து, எண்ணெய்க் கசிவு, பிரேக் குழாய்கள், ரப்பர் உறைகள், டயரின் பக்கச் சுவர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா எனச் சோதிக்க வேண்டும். இயக்கத் தண்டின் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் புதிய கிரீஸ் அடிக்க வேண்டும்.

நீரைக் கடத்தல்

ஒவ்வொரு வண்டிக்கும் நீரில் இறங்கக்கூடிய ஆழத்தை உற்பத்தியாளர் குறிப்பிடுகிறார். 2020இல் வெளிவந்த தாருக்கு இது 650 மி.மீ. இந்த அளவு தேங்கிய நீருக்கே பொருந்தும். ஓடும் வெள்ளம் முழங்கால் அளவே இருந்தாலும் வண்டியைப் புரட்டிவிடக்கூடும். அதில் இறங்கக் கூடாது.

காற்று நுழையும் வழியே நீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் அதை அழுத்த முயலும். காற்றைப் போல் நீர் சுருங்காது. அதனால் கனெக்டிங் ராடு வளைந்து இஞ்சின் பாழாகும். நீருக்குள் இஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கயிறு கட்டி வெளியே இழுத்து, மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

சூடான அச்சு குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் அல்லது சீல் வழியாக நீரை உறிஞ்சும். நீர் கலந்த டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். அப்படி இருந்தால் உடனே மாற்ற வேண்டும். கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தினால் அது உலர்ந்து பிடிக்கத் தொடங்கும்.

முதலில் வாங்க வேண்டிய துணைக்கருவிகள்

புதிய உரிமையாளர்கள் பலர் அழகுப் பொருள்களில் பணம் செலவிட்டுவிடுகின்றனர். உண்மையில் தேவையானவை இவையே:

1. காற்றழுத்த அளவி, 12 வோல்ட் காற்றடிக்கும் கருவி
2. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், கைவிளக்கு, குடிநீர்
3. மண்வெட்டி, தடித்த கையுறை
4. இழுபடும் தன்மையுள்ள மீட்புக் கயிறு
5. சுமையளவு பொறிக்கப்பட்ட இரண்டு ஷாக்கிள்கள்
6. சக்கரத்தின் கீழ் வைக்கும் மீட்புப் பலகைகள்
7. ஜாக்கியின் கீழ் வைக்க அகலமான மரப்பலகை

மேல்தளத்தில் கேரியர் பொருத்தினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சாய்வான பாதையில் கவிழும் வாய்ப்பு கூடும். எடையுள்ள பொருள்களை வண்டிக்குள் தாழ்வாகக் கட்டி வைப்பதே நல்லது. கூடுதல் விளக்குகளுக்கு ஒயரை வெட்டி இணைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும், வாரண்டியும் போய்விடலாம்.

மீட்கும்போது கவனிக்க வேண்டியவை

மீட்புக் கயிறு ரப்பர் போல நீண்டு, ஆற்றலைச் சேமித்து இழுக்கிறது. அதன் தாங்குதிறன் இரு வண்டிகளுள் எடை குறைந்ததன் முழுச்சுமை எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். வண்டியின் சேசிஸுடன் இணைந்த மீட்புக் கொக்கியில் மட்டுமே இதனை மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டினால், அது உடைந்து பீரங்கிக் குண்டுபோல் பாயும். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தொலைவில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். கயிற்றைத் தாண்டிச் செல்லவே கூடாது.

சட்ட வரம்புகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்புகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. முன்பக்கம் பொருத்தும் 'புல் பார்' எனப்படும் இரும்புச் சட்டத்திற்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. இச்சட்டம் மோதலின் விசையை நேராகச் சேசிஸுக்குக் கடத்துகிறது. காற்றுப்பைகள் உரிய நேரத்தில் விரிவதையும் பாதிக்கலாம். நடந்து செல்வோருக்கும் இது பேராபத்து. டயர் அளவு, வண்டியின் உயரம் ஆகியவற்றை மாற்ற விரும்புவோர் முன்னதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்; காப்பீட்டு நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும்.

காட்டுயிர்ச் சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எந்தக் கரடான பாதையிலும் தனி வண்டியாகச் செல்லாமல் குறைந்தது இரண்டு வண்டிகளாகச் செல்வதும், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் பாதுகாப்பானவை.