கல்லாய் இறுகிய பிசினைக் கழற்ற முடியுமா?

தென்காசி மாவட்டத்தில் திருவேங்கடம் பக்கம் போனால், கரிசல் காட்டின் நடுவே கிணறுகளையும் அவற்றை ஒட்டிய மோட்டார் அறைகளையும் காண்பீர்கள். அறைச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் ஸ்டார்ட்டர். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் சுருள் எரிந்துவிடும். அப்படி எரியாதபடி இணைப்பைத் துண்டித்து விடும் ஒரு சிறு மின்னணுச் சாதனமும் பல பெட்டிகளில் உண்டு. அந்தச் சாதனமே ஒருநாள் பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடாது, வயலில் மக்காச்சோளம் வாடுகிறது. ரிப்பேர் கடைக்காரர் சாதனத்தின் மூடியைத் திறக்கிறார். உள்ளே சர்க்யூட் பலகையைக் காணோம். கறுப்பாக ஒரு கல்தான் இருக்கிறது!

அந்தக் கல் எப்பாக்சிப் பிசின். பலகையின் மேல் திரவமாக ஊற்றி இறுக வைத்திருக்கிறார்கள். ஏன்? ஈரம் புகக்கூடாது. மோட்டாரின் அதிர்வில் பற்றவைப்புகள் விட்டுப்போகக் கூடாது. எறும்பும் பல்லியும் உள்ளே போய் ஷார்ட் ஆகக் கூடாது. (ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கருகிக் கிடக்கும் பல்லியைப் பார்க்காத விவசாயி உண்டா?) சில தயாரிப்பாளர்களுக்கு இன்னொரு நோக்கமும் உண்டு: தங்கள் சர்க்யூட்டைப் பிறர் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது!

சரி, இறுகியதைக் கரைத்துவிட முடியாதா? தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் கல்போல இறுகும். வெந்நீரில் ஊறினால் மறுபடி பசையாகும். தீக்குச்சி முனையில் மருந்தைப் பிடித்து வைக்கும் பசையும் இவ்வினந்தான். இவற்றில் நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவே தவிர, வலுவான இரசாயனப் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கவில்லை. எப்பாக்சியின் கதை வேறு.

கடையில் இரண்டு குழாய்களாக விற்கிறார்களே, ஒன்று பிசின், மற்றது இறுக்கி. பிசின் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒரு சிறு முக்கோணம் உண்டு: இரண்டு கார்பன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு. வளைத்துக் கட்டிய வில்லைப் போல இது எப்போதும் விறைப்பாக இருக்கும். இறுக்கியில் உள்ள அமீன் பகுதி வந்து தொட்டதும் முக்கோணம் பட்டென்று திறந்து அதனுடன் பிணைந்துவிடும். ஓர் இறுக்கி மூலக்கூறு பல பிசின் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். இப்படியே நாலா பக்கமும் முடிச்சு விழுந்து முப்பரிமாண வலையாகிறது. கலந்த டப்பா சூடாவதைத் தொட்டுப் பார்த்து உணரலாம். முடிவில் அந்தக் கறுப்புக் கட்டி முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு! கைக்கு அடக்கமான ஒற்றை மூலக்கூறைக் கரைப்பது எங்ஙனம்? வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்குவது போன்ற வேலை அது.

இந்தப் பிசினைக் கண்டவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன். 1930-களில் அவர் தேடியது செயற்கைப் பல்கட்டுக்கான பொருளை! அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ இதே இனப் பிசின்களைப் பெயிண்டுக்காக ஆராய்ந்தார். காஸ்டனின் உரிமையைப் பெற்ற சீபா கம்பெனி 1946-இல் ‘அரால்டைட்’ என்ற பெயரில் பசையாக வெளியிட்டது. வீட்டில் நீங்களே உபயோகித்திருப்பீர்கள்.

கரையாவிட்டாலும் ஊறும். கொண்டைக்கடலை தண்ணீரைக் குடித்து உப்புவதுபோல, மெத்திலின் குளோரைடு போன்ற சில திரவங்கள் எப்பாக்சி வலைக்குள் நுழைந்து அதை உப்பவைத்து நொறுக்கும். பெயிண்ட் நீக்கும் திரவங்களில் இது பல காலம் இருந்தது. ஆனால் இதன் ஆவியைச் சுவாசித்தால் உடலே அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடுகிறது. மூடிய அறையில் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2024-இல் இதன் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை விதித்தது. ரிப்பேர் கடைக்கு இது வேண்டவே வேண்டாம்.

அபாயம் ஒருபுறம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பச்சை நிறச் சர்க்யூட் பலகை எதனால் ஆனது தெரியுமா? கண்ணாடி இழைத் துணியில் எப்பாக்சியைத் தோய்த்து அழுத்திச் செய்தது! அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஐ.சி.யின் கறுப்பு உடலும் மணல் இனத்துச் சிலிக்காத்தூள் கலந்த எப்பாக்சியே. கட்டியைக் கரைக்கும் திரவம் பலகையை மட்டும் விட்டுவைக்குமா? திருடனும் காவற்காரனும் ஒரே சட்டை போட்டிருக்கிறார்கள்.

பின் வழி என்ன? வெப்பம். எப்பாக்சி உருகாது, ஆனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் முடிச்சுகள் அவிழாமலே, முடிச்சுகளுக்கு இடைப்பட்ட இழைகள் நெளியத் தொடங்கும். கண்ணாடிபோல் இருந்தது கெட்டி ரப்பர்போல் ஆகும். சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய பிசின்களில் பல 50 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் இப்படி இளகிவிடும். சூளையில் வைத்து இறுக்கியவை 120-ஐத் தாண்டியும் அசையமாட்டா. வழக்கமான பலகை இளகுவது சுமார் 130-இல். பழைய ஈயப் பற்றாசு உருகுவது 183-இல். ஆகவே இளகும் பிசினாக இருந்தால், 80-க்கும் 110-க்கும் இடையே நமக்கு ஒரு சிறு சந்து கிடைக்கிறது. அதிலும் 85 டிகிரிக்கே அளவு குறித்த கண்டென்சர் பலகையில் இருந்தால் சந்து இன்னும் குறுகிவிடும்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் அது சிலிக்கோன் ரப்பராகவோ வேறு பிசினாகவோ இருக்கலாம், கத்தியாலேயே உரித்துவிடலாம். அழுத்தமாக இருந்தால்தான் சூடான காற்றை ஊதும் கருவி. அதையும் மெதுவாகக் காட்டவேண்டும். ஏனென்றால் சூட்டில் வெறும் எப்பாக்சி செம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விரியும். பீங்கான் கண்டென்சரோ செம்பைவிடவும் குறைவாகவே விரியும். அவசரப்பட்டால் விரியும் பிசின் பாகங்களின் கம்பிக் கால்களை இழுத்து அறுத்துவிடும். பழுது பார்க்கப் போய்ப் புதுப் பழுதை உண்டாக்கிய கதை ஆகிவிடும்!

இளகிய இடத்தை மூங்கில் சீவலால் கிள்ளிக் கிள்ளி எடுப்பார்கள். ஸ்குரூ டிரைவர் ஆகாது. மயிரிழை போன்ற செம்புத் தடங்களைக் கிழித்துவிடும். முழுவதையும் சுரண்டுவதும் வீண் வேலை. வெளியே தெரியும் முனைகளில் மீட்டரை வைத்துச் சோதித்தால் குற்றவாளி பெரும்பாலும் ரிலே, வயர் இணைப்பு என்று ஓரளவு பிடிபடும். அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும். புகை கிளம்பினால் பிசின் கருகுகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு விலகவேண்டும். அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. இதையெல்லாம் நீங்கள் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்னூட்டம் தேங்கி நிற்கும்.

திருவேங்கடத்திலிருந்து தெற்கே தேவர்குளம், கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகளைக் காணலாம். அவற்றின் இறக்கைகளிலும் கண்ணாடி இழையோடு இத்தகைய இறுகும் பிசின்கள்தான். 2023-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார், ருதீனிய வினையூக்கியைக் கொண்டு இறக்கைத் துண்டிலிருந்த எப்பாக்சி வலையின் முடிச்சுகளையே அறுத்து, மூலப்பொருளையும் இழைகளையும் தனித்தனியே மீட்டுக் காட்டினார்கள். 160 டிகிரியில் நாட்கணக்காக வைக்க வேண்டியிருந்தது. நம் ஸ்டார்ட்டர் சாதனத்தை அதில் போட்டால் கட்டியோடு பலகையும் போய்விடும்.

வேறு சிலர் பலகையையே மாற்றிவிட்டார்கள். 2011-இல் பிரான்சின் லுட்விக் லீப்லரும் குழுவினரும், சூட்டில் முடிச்சுகள் இடம் மாறிக் கட்டிக்கொள்ளும் ஒரு புதுவகை எப்பாக்சியைச் செய்தார்கள். இவ்வினத்துக்கு விட்ரிமர் என்று பெயர். 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் விட்ரிமரால் சர்க்யூட் பலகையே செய்தார்கள். தகுந்த திரவத்தில் போட்டுச் சூடாக்கினால் பலகை ஜெல்லிபோல் உப்புகிறது; கண்ணாடி இழைத் துணியும் அதன்மேல் இருந்த பாகங்களும் சேதமில்லாமல் பிரிந்து வந்துவிடுகின்றன.