பரங்கிப்பேட்டையில் இரும்பு காய்ச்சிய காலம்

பரங்கிப்பேட்டை என்றால் பாதிப் பேருக்கு அல்வா, மீதிப் பேருக்கு மீன். வெள்ளாறு கடலில் கலக்கும் இந்தச் சின்ன ஊரில் ஒரு காலத்தில் ஐரோப்பிய பாணி இரும்பாலை புகைந்தது என்று சொன்னால், கடலூர் மாவட்டத்துக்காரர்களே நம்பத் தயங்குகிறார்கள்.

போர்த்துக்கீசியர் ‘போர்ட்டோ நோவோ’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து பண்டசாலை போட்டார்கள், துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். முகத்துவாரத்தில் மணல்மேடு இருந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கு படகில் போய்ச் சேரும். 1781-ல் சிதம்பரம் கோயிலைப் பிடிக்க முடியாமல் திரும்பிய ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட், தன் படைக்குக் கடல்வழியாக உணவு கிடைக்கும் என்றுதான் இந்தக் கரைக்கு வந்தார். ஜூலை 1-ல் மைசூரின் ஹைதர் அலியோடு நடந்த அந்தச் சண்டையை வரலாற்றுப் புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. அரை நூற்றாண்டு கழித்து நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் இங்கே ஊதுலை கட்டினார். மணலும் உப்புநீரும் உள்ள ஊரில் இரும்புத் தாது ஏது? சேலம் சீமையில் வெட்டிய கருந்தாது பரிசல்களில் ஏறி, கொள்ளிடத்தில் மிதந்து வந்து, கான்சாகிப் வாய்க்கால் வழியாக ஆலைக்குச் சேர்ந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மட்டும் நடக்கிற வேலை. காய்ச்சிய இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா ரயில் பாலத்துக்கும் இதைப் பயன்படுத்தியதாகப் பதிவு இருக்கிறது.

ஆலையைக் கவிழ்த்தது தாது அல்ல, கரி. உலைக்கு மரக்கரிதான் எரிபொருள். சுற்றுவட்டாரக் காடு குறையக் குறைய, கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. இங்கிலாந்திலோ நிலக்கரியில் காய்ச்சிய இரும்பு மலிவு. ஹீத்துக்கு இன்னொரு அடியும் விழுந்தது. மாங்கனீசு சேர்த்து நல்ல எஃகு செய்யும் வழிக்கு 1839-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். அதன் வாசகத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அவருடைய முகவரே மலிவான வழியில் அதைச் செய்ய ஆரம்பித்தார். கோர்ட்டுக்கு அலைந்தே 1851-ல் ஹீத் காலமானார். கைமாறிக் கைமாறி ஓடிய ஆலை 1860-களில் அணைந்தது.

ஆலை போன இந்த ஊரில் இன்றைக்குத் துறை என்றால் அன்னங்கோயில் மீன் இறங்குதளம்தான். முகத்துவாரம் தூர்ந்துபோனால் விசைப்படகுகள் தரைதட்டும். தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.