டாக்டர் ஆகியாயிற்று, இனி எந்தத் துறை?

நம்மவர் வீட்டுப் பிள்ளை ஒன்று எம்.பி.பி.எஸ். பாஸ் செய்துவிட்டால், தாராவியாக இருந்தாலும் செம்பூராக இருந்தாலும் அந்தத் தெருவே கொண்டாடுகிறது. கோவிலில் அர்ச்சனை, வீடு வீடாக இனிப்பு, ஊருக்குப் போன். இரண்டு நாள் கழிந்ததும் ஒரு கேள்வி வருகிறது: "என்ன டாக்டர்? ஹார்ட்டா, கண்ணா, குழந்தையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பட்டம் வாங்குவதைவிடக் கஷ்டம். அந்தப் பிள்ளை இனி ஆயுள் முழுவதும் காலையில் எழுந்து எந்த வேலைக்குப் போகப் போகிறது என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. ஆனால் இதை எடுத்துச் சொல்ல நம் வீடுகளில் ஆள் இல்லை. அப்பா கம்பெனித் தொழிலாளி அல்லது ஆபீஸ் கிளார்க். சொந்தத்தில் வேறு டாக்டர் கிடையாது. ஆகவே அக்கம்பக்கத்தார் சொல்வதே யோசனையாகிவிடுகிறது.

எத்தனை வருடம்?

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்வோம். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம். அதன் மேல் ஒரு வருடம் கட்டாய ஆஸ்பத்திரிப் பயிற்சி. ஆக ஐந்தரை வருடம். பிறகு எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்று வருடம்.

இருதய டாக்டர் ஆக வேண்டுமானால் நேராக ஆகிவிட முடியாது. முதலில் பொது மருத்துவத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற வேண்டும். பிறகு இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி டி.எம். படிக்க வேண்டும். அது மேலும் மூன்று வருடம். கூட்டினால் பதினொன்றரை வருடம். ஒரு முறைகூடத் தவறாமல் போனாலும் வயது 30 ஆகிவிடும். இடையில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம் பல மாநிலங்களில் உண்டு. மீறினால் அபராதம் லட்சக்கணக்கில்.

"பையன் டாக்டர் ஆகிவிட்டான், இனி கடன் அடையும்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மேற்படிப்புக் காலத்தில் மாதா மாதம் உதவித்தொகை உண்டு. அது வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். தங்கையின் கல்யாணத்துக்குப் போதாது.

வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி

நீட் முதுநிலைத் தேர்வில் 200 கேள்விகள். சரியான பதிலுக்கு 4 மார்க். தவறான பதிலுக்கு 1 மார்க் குறையும். அதில் வரும் ரேங்க்தான் எல்லாம்.

முன்பதிவு கவுண்டரில் உட்காரும் எனக்கு அடுத்த கட்டம் சுலபமாகப் புரிந்தது. எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வேண்டும் என்று மாணவர் வரிசையாக எழுதிக் கொடுக்கிறார். ரேங்கில் முன்னால் இருப்பவருக்கு முதலில் இடம். நம் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறார்கள். யாராவது விட்டுப் போனால் அடுத்த சுற்றில் மேலே நகரலாம். அரசுக் கல்லூரி இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 50 சதவீதம் அந்தந்த மாநிலத்தின் கையில்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. டிக்கெட்டை ரத்து செய்தால் சிறு தொகைதான் போகும். இங்கே பிந்திய சுற்றில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்றால் கட்டிய டெபாசிட் போய்விடும். ஆகவே சேர விருப்பமில்லாத துறையைப் பட்டியலில் எழுதவே கூடாது. உண்மையில் விரும்புவதை, கிடைக்காது என்று தோன்றினாலும், முதலில் எழுதலாம். அதனால் கீழே உள்ளது கைநழுவாது.

வெளிமாநிலத்தாருக்கு ஒரு தீர்ப்பு

நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்கள் அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. சண்டிகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி சம்பந்தமான வழக்கில், 2025 ஜனவரி 29 அன்று சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்பதற்காக மட்டும் முதுநிலை மருத்துவப் படிப்பில் ஒதுக்கீடு செய்வது அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு விரோதம் என்றார்கள். அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மாநில முதுநிலை இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

எல்லாரும் ஓடும் பக்கம்

இப்போது முன் ரேங்க் வாங்குபவர்கள் அதிகம் தேடிப் போவது ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் கதிரியக்கத் துறை, தோல் மருத்துவம், பொது மருத்துவம். முதல் இரண்டில் நடுராத்திரி அழைப்பு குறைவு, வருமானம் நன்று என்பது காரணம். மறுபக்கம், உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. 2023 செப்டம்பரில், தேர்வு எழுதிய எல்லாருமே தகுதி உடையவர்கள் என்னும் அளவுக்குத் தகுதி மதிப்பெண்ணை இறக்கினார்கள். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் வர வேண்டியது இந்தத் துறைகளிலிருந்துதான்.

பெண் பிள்ளை என்றால் வீட்டில் உடனே சொல்வது, "பிரசவ டாக்டருக்குப் படி, அதுதான் பெண்களுக்கு ஏற்றது." ஆனால் இரவும் பகலும் கூப்பிடும் துறை அது. குழந்தை நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. மனதார விரும்பிப் போகும் பெண்ணுக்கு அதைவிட நிறைவான வேலை இல்லை. வீட்டார் சொன்னார்கள் என்று போனால் பாடுதான்.

"ஊசி போடவா இத்தனை படிப்பு?"

தாராவியில் சைக்கிளில் இட்லி விற்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மகள் பயிற்சி வருடத்தை முடித்திருக்கிறாள். மயக்க மருந்துத் துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். அம்மாவுக்குச் சம்மதமில்லை.

"நீங்களே சொல்லுங்க தம்பி, ஊசி போட்டு மயக்கவா இத்தனை வருஷம் படிக்க வெச்சோம்? நாலு பேரு நம்ம பிள்ளையப் பேரு சொல்லித் தேடி வர வேணாமா?" என்றார் அந்தத் தாய்.

மகள் அமைதியாகப் பதில் சொன்னாள். "அம்மா, ஆபரேஷன் பண்றவங்க வயித்தைத்தான் பார்ப்பாங்க. அந்த நேரத்துல நோயாளி மூச்சு விடுறாரா, ரத்த அழுத்தம் இறங்குதான்னு பார்த்துக்கிட்டே நிக்கிறது நாங்கதான். பயிற்சியில மத்த வார்டுல இருந்தப்ப எப்ப மணி அடிக்கும்னு இருந்துச்சு. அங்க நேரம் போனதே தெரியல."

அவள் சொன்னது நியாயமே. ஆபரேஷனுக்கு முன் நோயாளி தாங்குவாரா என்று சோதிப்பது, ஆபரேஷன் முடியும் வரை உயிரைக் காப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தைக் கவனிப்பது, தீராத வலிக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் அந்தத் துறையின் வேலைகள். அப்பா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. தம்பி இன்னும் காலேஜில் படிக்கிறான். பட்டியல் கொடுக்கும் நாளில் தன் பக்கம் பேசுவார் என்று மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இருவர் கதை

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி பிரசவ டாக்டராகவே விரும்பினார். முடக்குவாத நோய் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்த ஆசையை விட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவி பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி.

டாக்டர் வி. சாந்தா மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பெற்றவர். அரசு பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு 1955-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். முந்தைய ஆண்டில் 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்ட இடம் அது. புற்றுநோய் வந்தால் பிழைக்கவே முடியாது என்று ஜனங்கள் நினைத்த காலம். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த ஆஸ்பத்திரியே அவர் வாழ்க்கை.

ஒருவர் விரும்பிய துறை கிடைக்காமல் மாறினார். மற்றவர் கையில் கிடைத்ததை விட்டு மாறினார். துறையின் மதிப்பைப் பார்த்து இருவரும் போகவில்லை. இருவர் போனதாலும் அந்தத் துறைகளுக்கு மதிப்பு வந்தது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பயிற்சி வருடத்தில் பிள்ளைகள் பல வார்டுகளிலும் மாறி மாறி வேலை செய்கிறார்கள். அப்போதே கேளுங்கள். எந்த வார்டில் களைப்பு தெரியவில்லை? நோயாளியோடு பேசப் பிடிக்கிறதா, கையால் செய்யும் வேலை பிடிக்கிறதா, நுண்ணோக்கி முன் உட்காரப் பிடிக்கிறதா? ஐம்பது வயதிலும் ராத்திரி எழுந்து ஓட முடியுமா? பெரிய கல்லூரியில் பிடிக்காத துறையா, சின்ன ஊரில் பிடித்த துறையா?

வீட்டு நிலைமையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கடன் எவ்வளவு, இன்னும் எத்தனை வருடம் தாங்க முடியும் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி தேர்வு எழுதுபவர்களும் உண்டு. அதில் கேவலம் இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்று, தெருவில் கிளினிக் வைத்து நாலு தலைமுறைக்கு வைத்தியம் பார்த்தவர்களை நாம் எல்லாரும் அறிவோம்.

இவ்வளவும் பேசிய பிறகு, பட்டியலை எழுதும் பேனாவைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். ராத்திரி டியூட்டிக்குப் போகப் போவது அந்தப் பிள்ளைதான்.