சிறு படத்திலிருந்து பெரிய முகம்: பழைய ஓவியம் கற்றுத்தருவது

1995 ஒக்டோபர் இடப்பெயர்விலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, வீடுகளோடு குடும்பப் படங்களும் அழிந்தன. பல குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படம் மட்டுமே. அதைப் பெரிதாக வரைந்து தரும்படி ஓவியர்களிடம் கேட்கிறார்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படங்களில் கன்ன மேடும் கண்குழியும் சரியாகத் தெரியாது. படத்தில் இல்லாததை ஓவியர் தன் அறிவிலிருந்தே சேர்க்கவேண்டும்.

அந்த அறிவைப் பெற ஒரு பழைய வழி, தேர்ந்த தைலவர்ண ஓவியமொன்றைப் பார்த்து அப்படியே வரைந்து பழகுவது. பயில்வோர் பலர் தேர்ந்தெடுப்பது வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்'. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது 1658இல். அதற்குச் சில ஆண்டுகளின் பின், 1665 அளவில், அவர்களுடைய நாட்டில் வரையப்பட்ட ஓவியம் இது. பக்கத்திலிருந்து விழும் ஒரே ஒளி என்பதால் நிழல் தெளிவாக இருக்கும்.

முதலில் மூலப்படத்திலும் கன்வஸிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் கீறி, கட்டம் கட்டமாக உருவத்தை மாற்றவேண்டும். அடுத்து, மண்ணிறம் ஒன்றால் மட்டும் ஒளியையும் நிழலையும் இடவேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து பெரிய திட்டுகள் தெரியும். அது காய்ந்தபின் வர்ணம். கீழ்ப்படைகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்படைகளில் கூடுதலாகவும் இருக்கவேண்டும். மாறினால் பின்னர் வெடிக்கும்.

இந்த ஓவியத்தில் மூக்குத்தண்டையும் அதற்கப்பாலுள்ள கன்னத்தையும் பிரிக்கும் கோடே இல்லை. இரண்டும் ஒரே நிறத்தில் கலந்திருக்க, பார்ப்பவரின் கண் மூக்கைப் பூர்த்திசெய்கிறது. புதிதாகப் பழகுபவர் அங்கே கோடு போட்டுவிடுவார், முகம் மரம்போலாகிவிடும். முகத்தைக் கட்டுவது கோடல்ல, நிழலே என்பது கைக்குப் புரியும் இடம் இது.

அந்தப் பெண்ணின் தோல்நிறத்தை எங்கள் முகங்களுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. கொண்டுவரவேண்டியது ஒளிக்கும் நிழலுக்குமான அளவை. படியெடுத்த ஓவியத்தின் பின்புறம் மூல ஓவியரின் பெயரை எழுதுவதும் அவசியம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுப்போர், மூல ஓவியத்தின் அதே அளவில் வரையவே கூடாது.

பிறகு அந்தச் சிறு படத்துக்கு வரலாம். கண்களின் இடைவெளி, காது, உதட்டின் வடிவம் ஆகியவற்றைப் படத்திலிருந்தே எடுக்கவேண்டும். நிழலுக்கு, சாயலுள்ள சகோதரரை யன்னலோரம் இருத்திப் பார்க்கலாம். ஊகித்து வரைந்தவை எவை என்பதைக் குடும்பத்திடம் சொல்லி, வர்ணம் காயுமுன் அவர்களுக்குக் காட்டவேண்டும். 'கன்னம் இப்படியில்லை' என்று தாய் சொன்னால், திருத்தவேண்டியது ஓவியத்தைத்தான்.