காலி சிலிண்டருக்குள் 70 கிராம்

ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக்கைத் தாண்டிப் போனால் ஜாலி மொஹல்லா வரும். பழைய இரும்புக்குப் பெயர்போன இடம். தமிழ்நாட்டில் காயலான் கடை என்பதைப் பெங்களூருத் தமிழர்கள் கன்னடக்காரர்களைப் போலவே குஜிரி என்பார்கள். வீட்டில் ஒரு சின்ன வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் வைத்துக்கொண்டு எதையாவது செய்து பார்க்கிறவர்களுக்கு, குஜிரியில் முதலில் கண் போவது கேஸ் சிலிண்டர் மாதிரியான உருளைகள் மேல்தான். நெட்டுவாக்கில் பிளந்தால் கறி சுடும் அடுப்பு, மேல்மூடியை எடுத்தால் விறகடுப்பு. தகட்டை வளைக்கும் சிரமமான வேலையைத் தொழிற்சாலை முன்பே முடித்து வைத்திருக்கிறது.

ஆனால் வீட்டிலிருக்கும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைத் தொடக்கூடாது. அது நம்முடையதே அல்ல; டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். சொந்தக்காரர் எண்ணெய் நிறுவனம். அடுத்த சோதனை எப்போது என்பது கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் எழுதியிருக்கும். ‘சி 27’ என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள். சோதனையில் தேறாததை நசுக்கியோ, மறுபடி உருளையாக ஒட்ட முடியாதபடி துண்டு போட்டோ அழிக்க வேண்டும் என்பது எரிவாயு உருளை விதி. ஆகவே பழைய இரும்புக் கடையில் முழுசாக நிற்கும் சிவப்பு சிலிண்டர் நேர்வழியில் அங்கு வந்திருக்காது. விலை மலிவு என்று வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

சொந்தமாகக் கிடைக்கக்கூடியவை வேறு உண்டு. பெங்களூரு ஆட்டோக்களில் பல எல்பிஜியில் ஓடுகின்றன. அந்த டேங்க் வண்டிக்காரர் காசு கொடுத்து வாங்கியது. ஏசி மெக்கானிக் காலி செய்து போடும் கேஸ் டப்பா இன்னொன்று. அதிலுள்ள ஆர்-134ஏ எளிதில் எரியாதுதான். ஆனால் வெல்டிங் சூட்டில் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற கொடிய நச்சு கிளம்பும்.

எல்பிஜிக்கு வருவோம். அடுப்பு அணைந்ததும் சிலிண்டர் காலி என்கிறோம். உள்ளே 33.3 லிட்டர் இடம் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும் வரைதான் வாயு வெளியே வரும். சுமார் 70 கிராம் உள்ளேயே தங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையில் உள்ளுக்குள் தீப்பிடிக்காது, ஏனென்றால் காற்று இல்லை. காற்றில் எல்பிஜி ஏறக்குறைய 2 முதல் 9.5 சதவீதம் கலந்திருந்தால்தான் பற்றும். வால்வைத் திறந்து சில நாள் காற்றாட வைத்தால் போதும் என்று நினைப்பவர்தான் காற்றை உள்ளே அழைக்கிறார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால், நிமிர்ந்து நிற்கும் உருளையின் மேல்வாய் வழியே லேசில் வெளியேறாது. 2 சதவீதத்துக்குத் தேவையான வாயு எவ்வளவு? கிட்டத்தட்ட 1.4 கிராம். அரை டீஸ்பூன் திரவத்துக்குச் சமம். மூடிய கலத்துக்குள் அந்தக் கலவை பற்றினால் அழுத்தம் எட்டு மடங்கு வரை எகிறும். பாதி அறுத்த தகடு அதைத் தாங்காது, எதிரே குனிந்திருப்பவர் முகமும் தாங்காது.

இதற்கு வழி தண்ணீர். வாயு முழுக்க இறக்கி வால்வும் கழற்றப்பட்ட உருளையை மட்டும் எடுத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் அலசி, மறுபடி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். தண்ணீர் நிறைந்த இடத்தில் வாயு இருக்க முடியாது. நிரம்பிய நிலையிலேயே கை ரம்பத்தால் அறுக்கத் தொடங்கலாம். ஈரத்தில் மின் கருவி வேண்டாம். கழுவிய நீரைச் சாக்கடைப் பக்கம் கொட்டக்கூடாது, கனமான ஆவி அங்கே தேங்கும். இத்தனைக்குப் பிறகும் சுவரில் எண்ணெய்க் கசடு ஒட்டியிருக்கும். சூடேறினால் அதுவும் ஆவியாகும் என்பதால், உருளையைப் பிளந்து உட்புறத்தைச் சுரண்டும் வரை வெல்டிங் பக்கமே போகக்கூடாது. அசிட்டிலீன் உருளைக்கு இந்த வைத்தியமும் செல்லாது. அதற்குள் நுண்துளைப் பொருளும் அதில் ஊறிய அசிட்டோனும் இருக்கின்றன. பழையவற்றில் கல்நாரும் இருக்கலாம்.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரோடு இணைத்துக் காற்றுத் தொட்டி செய்யும் ஆசையும் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்பிஜி உள்ளே துருவேற்றாது. அழுத்திய காற்றோ ஈரத்தைக் கொண்டுவந்து அடியில் தேக்கும், வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே தகடு மெலியும். 33 லிட்டரில் 8 பார் காற்று என்பது, ஒரு டன் கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஆற்றல்.

ஆசைக்கு இன்னொரு திசை இருக்கிறது. 2007இல் அமெரிக்காவின் டென்னிஸ் ஹாவ்லேனா புரொபேன் டேங்கில் நாக்கு நாக்காக வெட்டி, ‘ஹாங்க் டிரம்’ என்ற தாள வாத்தியம் செய்தார். இப்போது பலர் வாயுவே நிரப்பாத புது டேங்கில் இதைச் செய்கிறார்கள். நாக்கின் நீளம் இரட்டித்தால் அதிர்வெண் கால்பங்காகும். அதனால் முதலில் குட்டையாக வெட்டி, சுருதி கேட்டுக் கேட்டு நீட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டால் நுனியில் அரம் போட்டு எடையைக் குறைத்தால் சுருதி மேலேறும்.